மாதிரிக் கப்பலைக் காரில் ஏற்றும்போது: சந்தேகங்களும் விளக்கங்களும்

என்.சி.சி. கடற்படைப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கப்பல் மாதிரி செய்வதும் ஒரு போட்டி. அகில இந்திய அளவில் நடக்கும் நௌ சைனிக் முகாமில் படகு வலித்தல், கொடியசைத்துச் செய்தி அனுப்புதல், துப்பாக்கி சுடுதல் ஆகியவற்றோடு இதற்கும் மதிப்பெண் உண்டு. அந்த முகாமுக்கான தேர்வு நெருங்கும் மாதங்களில் மொட்டைமாடிகளிலும் கல்லூரிப் பட்டறைகளிலும் பால்சா மரத்தூள் பறக்கும். மூன்று நான்கு மாதம் அறுத்து, இழைத்து, ஒட்டி, வண்ணம் பூசிய கப்பல் பெரும்பாலும் தண்ணீரில் உடைவதில்லை. வீட்டிலிருந்து குளத்துக்குப் போகிற வழியில், காரின் பின் சீட்டில்தான் உடைகிறது.

இந்தப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கூடமாட உதவி வருகிறேன். போட்டி நாள் காலையில் ஒடிந்த கொடிக்கம்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பசை எப்போது காயும் என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பெற்றோரும் ஆசிரியர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கப்பல் செய்ய உட்கார்ந்தவர்களும் அடிக்கடி கேட்கும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். கப்பல் மிதக்கும்போது அதன் அடிவயிறு முழுவதையும் தண்ணீர் சீராக ஏந்திக்கொள்கிறது. எந்த ஓர் இடத்திலும் தனியாகப் பாரம் விழுவதில்லை. மெல்லிய பலகையால் செய்த ஹல், அதாவது கப்பலின் உடற்கூடு, அந்த நிம்மதியை நம்பித்தான் கட்டப்பட்டது. காரில் ஏற்றியதும் அந்தத் தண்ணீர் இல்லை. தண்ணீர் செய்த வேலையை இனி எது செய்யப்போகிறது என்று கேட்டுக்கொண்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சந்தேகம்: ஐ.என்.எஸ். சென்னை போர்க்கப்பலை மகன் 1:100 அளவில் செய்யப்போகிறான். எங்களிடம் சின்ன ஹேட்ச்பேக் கார்தான் இருக்கிறது. உள்ளே போகுமா?

நிஜக் கப்பலின் நீளம் 163 மீட்டர், அகலம் 17 மீட்டருக்குச் சற்று மேல். நூறில் ஒரு பங்கு என்றால் மாதிரி 163 சென்டிமீட்டர் நீளமும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த அகலமும் இருக்கும். பின் சீட்டை மடக்கி, முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் சாய்மானத்தையும் தாழ்த்திவிட்டால் சின்னக் கார்களிலும் இது போகக்கூடிய நீளம்தான். ஆனால் காரின் உட்புறத்தை மட்டும் அளந்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பொருள் உள்ளே நுழைகிற வாசலை அளக்க வேண்டும். டிக்கிக் கதவைத் திறந்தால் தெரியும் வாய், உள்ளே இருக்கும் இடத்தைவிடக் குறுகலாகவும் தாழ்வாகவும் இருக்கும். கப்பலின் ரேடார் கம்பம் இடிக்கிற இடம் அதுதான்.

அளவு நாடாவைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. மாதிரியின் நீளத்துக்கு ஒரு சவுக்குக் குச்சி வெட்டுங்கள். கம்பத்தின் உயரத்துக்கு ஓர் அட்டையைக் குச்சியின் நடுவில் குத்திவையுங்கள். அந்தக் குச்சியைக் கப்பலாக நினைத்துக் காருக்குள் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் முதலில் நுழைய வேண்டும், எந்த இடத்தில் சாய்க்க வேண்டும் என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதை முதல் பலகையை அறுக்கும் முன்பே செய்வது நல்லது. நம் புதிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தின் நீளம் 262 மீட்டர், அகலம் 62 மீட்டர். அதை 1:100 அளவில் செய்தால் 2.62 மீட்டர் வரும், எந்தக் குடும்பக் காரிலும் ஏறாது. 1:200 என்றால் 1.31 மீட்டர், சாதாரணக் காரில் ஏறிவிடும். மாதிரியின் அளவை முடிவு செய்கிற அன்றே காரையும் அளந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எடையையும் சேர்த்து யோசியுங்கள். மாதிரியின் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். சுமார் 7,500 டன் எடையுள்ள ஐ.என்.எஸ். சென்னை, 1:100 அளவில் சரியான நீர்க்கோட்டில் மிதக்க ஏழரைக் கிலோ இருக்க வேண்டும். அதையே 1:50 அளவில் செய்தால் 60 கிலோ. ஏழரைக் கிலோவை இரண்டு பிள்ளைகள் தூக்கிவிடுவார்கள். அறுபது கிலோவுக்கு நான்கு ஆள் வேண்டும், அந்த நான்கு பேருக்கும் கை வைக்க இடம் வேண்டும். அவ்வளவு பெரிதாகச் செய்தே தீர வேண்டும் என்றால், நடுவிலுள்ள குறுக்குத் தடுப்பில் இரண்டாகப் பிரித்து போல்ட் போட்டு இணைக்கும்படி முதலிலேயே திட்டமிடுங்கள்.

சந்தேகம்: பின் சீட்டில் தடிமனான ஸ்பாஞ்சு மெத்தை போட்டு, அதன்மேல் கப்பலைப் படுக்கவைத்தால் போதாதா?

போதாது. எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான், அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஸ்பாஞ்சு மெத்தென்று இருப்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். வேகத்தடையில் கார் ஏறி இறங்கும்போது அது அமுங்கி, பிறகு கப்பலைத் திருப்பித் தள்ளும். கப்பல் இடமும் வலமும் ஆடும். ஆட்டத்தில் பக்கவாட்டுச் சிறகுகளும் புரொப்பல்லரும் ஸ்பாஞ்சில் சிக்கி இழுபடும். எடை கூடிய இடத்தில் ஆழமாகவும் எடை குறைந்த இடத்தில் மேலாகவும் அமுங்குவதால் ஹல் நடுவில் வளையவும் செய்யும். நமக்கு வேண்டியது அசையாத தாங்கல். மெத்தென்ற பொருள் அந்தத் தாங்கலுக்கும் ஹல்லுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இருந்தால் போதும்.

அதற்குத் தொட்டில் செய்ய வேண்டும். பார்வைக்கு வைக்கும் ஸ்டாண்ட் வேறு, பயணத்துக்கான தொட்டில் வேறு. பார்வைக்கான ஸ்டாண்டில் கப்பலின் அழகு மறையக் கூடாது என்பதால் இரண்டு சின்னக் கால்கள்தான் இருக்கும். தொட்டில் டெக்கின் விளிம்பு வரை ஹல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

செய்முறை கடினமில்லை. சால்டரிங் செய்யும் ஈயக் கம்பியை எடுத்து, ஹல்லின் குறுக்கே வயிற்றோடு ஒட்டி வளைத்து அழுத்துங்கள். கம்பி அந்த இடத்தின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதை மெல்ல எடுத்து அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து, அட்டையை வெட்டி ஹல்லில் வைத்துப் பாருங்கள். இடைவெளி இருந்தால் திருத்துங்கள். சரியாக உட்கார்ந்த அட்டையை 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வைத்து அறுத்தால் தாங்கிப் பலகை தயார். இதுபோல் இரண்டு, நீளமான கப்பலுக்கு மூன்று. எல்லாவற்றையும் இரண்டு நீளச் சட்டங்களால் இணைத்துவிடுங்கள். தாங்கிப் பலகையின் விளிம்பில் பழைய தரைவிரிப்பையோ கம்பளித் துணியையோ ஒட்டுங்கள்.

தாங்கிகள் எங்கே வர வேண்டும்? ஹல்லுக்குள் குறுக்குத் தடுப்புகள் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே. தடுப்பு இல்லாத இடத்தில் வைத்தால் மெல்லிய பலகை மட்டும் பாரத்தைத் தாங்கி உள்வாங்கும். 160 சென்டிமீட்டர் கப்பல் என்றால் இரு முனைகளிலிருந்தும் 35, 40 சென்டிமீட்டர் உள்ளே வரும் தடுப்புகளைத் தேர்ந்தெடுங்கள். அடியில் ஏரா ஓடும் இடத்தில், அதாவது நடு முதுகெலும்புக் கட்டை வரும் இடத்தில், பலகையைக் கொஞ்சம் ஆழமாக வெட்டிவிடுங்கள். பாரம் அந்தக் கூர்மையான விளிம்பின் மேல் இறங்காமல் இரு பக்க வயிற்றிலும் பரவ வேண்டும். தண்ணீர் தாங்குவதும் அப்படித்தான். சுக்கானும் புரொப்பல்லரும் எதிலும் படாமல் இரண்டு விரல் இடைவெளியில் தொங்க வேண்டும்.

கடைசியாக மேலே ஒரு பட்டை. பழைய வேட்டியைக் கிழித்த நாலு விரல் அகலத் துணியே நன்றாக இருக்கும். டெக்கில் எதுவும் நிற்காத இடமாகப் பார்த்துக் குறுக்கே போட்டுத் தொட்டிலில் கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டாம், அது விளிம்பை அறுத்துவிடும்.

கொலுப் பொம்மைகளை அனுப்புகிறவர்கள் வைக்கோல் வைத்து, துணி சுற்றி, இடுக்கில்லாமல் அடைத்து அனுப்புவார்கள். அதே பழக்கத்தில் கப்பலையும் மேலிருந்து கீழ்வரை துணியால் சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. களிமண் பொம்மையும் காகிதக்கூழ்ப் பொம்மையும் எந்தப் பக்கம் அழுத்தினாலும் ஓரளவு தாங்கும். கப்பலின் மேல்பகுதி அப்படியில்லை. டெக்கின் ஓரத்துக் கம்பிக் கிராதியில் தலையணை உறையின் ஒரு நூல் மாட்டினால் பத்துக் கம்பியும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். டெக்குக்கு மேல் எதுவும் தொடக் கூடாது. தூசிக்கு ஒரு மூடி வேண்டும் என்றால் தொட்டிலின் மேல் நிற்கும் அட்டைப்பெட்டியாக இருக்கட்டும். புதிதாக எனாமல் பூசியிருந்தால் செய்தித்தாளும் குமிழ்ப் பிளாஸ்டிக்கும் ஹல்லின் மேல் படவே கூடாது. வெயிலில் இரண்டும் வண்ணத்தில் தடம் பதித்துவிடும்.

தொட்டில் செய்ய நேரமே இல்லை, நாளைக் காலையில் கிளம்ப வேண்டும் என்றால் ஒரு தற்காலிக வழி சொல்கிறேன். பாரம் தூக்குகிறவர்கள் தலையில் வைக்கும் சும்மாடு போல, பருமனான இரண்டு வேட்டிகளை முறுக்கி வளையமாகச் சுற்றுங்கள். தடுப்புகள் இருக்கும் இடத்தில் ஹல்லுக்கு அடியில் ஒவ்வொன்றாக வையுங்கள். வளையத்தின் நடுவில் ஏரா இறங்கி, வயிற்றின் இரு பக்கமும் துணியில் உட்காரும். பத்துக் கிலோமீட்டர் பயணத்துக்கு இது தாங்கும். நூறு கிலோமீட்டருக்குத் தாங்காது.

சந்தேகம்: மகள் பின் சீட்டில் உட்கார்ந்து கப்பலை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன் என்கிறாள். அவளைவிடக் கவனமாக யார் பிடிப்பார்கள்?

அவளுடைய அக்கறை புரிகிறது. ஆனாலும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நாய் குறுக்கே ஓடிவர, பிரேக்கை அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடியில் இருக்கும் பத்துக் கிலோ கப்பல் ஏறக்குறைய எட்டுக் கிலோ விசையோடு முன்னால் போகப் பார்க்கும். அதைக்கூடப் பிடித்துவிடலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன்மீதாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால் அந்த விசை 200 கிலோவாகிவிடும். எந்தக் கையும் அதைப் பிடிக்காது. மடியில் கப்பல் இருந்தால் சீட் பெல்ட்டும் ஒழுங்காகப் படியாது. கப்பலின் கூர்மையான முன்முனையான அணியமும் பித்தளைக் கம்பிகளும் பிள்ளைக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். அதே காரணத்துக்காக, ஏர்பேக் உள்ள முன் சீட்டிலும் யாரும் கப்பலை மடியில் வைத்து உட்காரக் கூடாது.

கப்பல் தொட்டிலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், தொட்டில் காரோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். தொட்டிலின் முன்பக்கச் சட்டம் முன் சீட்டின் முதுகில் இடைவெளி இல்லாமல் முட்டி நிற்கட்டும். பின்னால் மிச்சமிருக்கும் இடத்தைத் துணிப்பைகளால் அடையுங்கள். அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் வழுக்காது. டிக்கியின் தரையில் கொக்கிகள் இருந்தால் பட்டை போட்டு அவற்றில் கட்டுங்கள். பின் சீட்டில் குறுக்காக வைப்பதானால் சீட் பெல்ட்டைத் தொட்டில் சட்டத்துக்குள் விட்டு மாட்டுங்கள். பெல்ட் ஹல்லின் மேல் போகக் கூடாது. அணியம் முன்னால் பார்க்க வேண்டுமா, பின்னால் பார்க்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். தொட்டில் சரியாக இருந்தால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். இறக்குவதற்கு எது வசதியோ அப்படி வையுங்கள்.

சந்தேகம்: பேட்டரியைக் கழற்றாமல் அப்படியே கொண்டுபோகலாமா? மறுபடி மாட்டுவது பெரிய வேலையாக இருக்கிறது.

கழற்றிவிடுங்கள். மாதிரிகளில் அதிகம் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். ஏழரைக் கிலோ கப்பலில் கால் பங்குக்கு மேல் அது ஒன்றே. ஓடும்போது தண்ணீர் அந்தப் பாரத்தை அடியிலிருந்து ஏந்தும், அதனால் ஹல் அசைவதில்லை. குலுங்கும் காரில் அதே பேட்டரி உள்ளேயிருந்து அடிக்கும் சுத்தியலாகிறது. சமன் எடைக்காகப் போட்ட ஈயக்கட்டிகளும் அப்படித்தான். அவற்றை எடுத்து, எது எந்த இடம் என்று பென்சிலால் எண் போட்டு, தனிப் பையில் வையுங்கள். ஈயத்தைத் தொட்டபின் பிள்ளைகள் கை கழுவ வேண்டும்.

ஈய அமில பேட்டரியை நிமிர்த்தி வைத்து, இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். கருவிப் பையில் ஸ்பானரோடு சேர்த்துப் போட்டால் முனைகள் இணைந்து தீப்பொறி பறக்கும். லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு இன்னும் கவனம் வேண்டும். செல்லுக்கு 4.2 வோல்ட் என முழுதாக ஏற்றிய நிலையில் நெடும்பயணம் கொண்டுபோகாமல், 3.8 வோல்ட் அளவில் வைத்துக் கொண்டுபோய், இடத்துக்குப் போனபின் ஏற்றிக்கொள்ளலாம். அதற்கென விற்கும் தீத்தடுப்புப் பையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சற்றே உப்பிய பேட்டரியைக் காரில் ஏற்றவே கூடாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி.

சந்தேகம்: காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் கப்பல் உள்ளேயே இருக்கலாமா?

இதற்கு நான் செய்த தவறையே பதிலாகச் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம், கல்லூரிகளுக்கு இடையிலான கண்காட்சிக்கு ஒரு மாணவியின் கப்பலை என் காரில் கொண்டுபோனேன். வேப்பமர நிழலில் நிறுத்தினேன். பதிவு வரிசை நீண்டது, இரண்டு மணி நேரம் ஆயிற்று. சூரியன் நகர்ந்ததை நான் யோசிக்கவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது முகத்தில் அனல் அடித்தது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்துப் பொருத்தியிருந்த ரேடார் கம்பம் வாடிய கீரைத்தண்டு போல ஒரு பக்கமாகத் தொய்ந்திருந்தது. டெக்கின் ஓரம் ஒரு சாண் நீளத்துக்குப் பசை விட்டு எழும்பியிருந்தது. அந்தப் பெண் ஒரு விரலால் கம்பத்தை நிமிர்த்திப் பார்த்தாள். விரலை எடுத்ததும் அது மறுபடி சாய்ந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே நிறுத்தலாம் என்று சொன்னவன் நான்.

வெளியில் 35, 36 டிகிரி வெயில் இருந்தாலே, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டும். நேர் வெயில் விழும் பொருளின் மேற்பரப்பு இன்னும் சுடும். முப்பரிமாண அச்சில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். சாதாரணமாக வீட்டில் கலந்து ஒட்டும் எபாக்சிப் பசைகள் பலவும் அதே வாக்கில் பிடி தளரும். கறுப்பு, கருஞ்சாம்பல் வண்ணங்கள் வெப்பத்தை அதிகமாக இழுக்கும். போர்க்கப்பல்களின் வண்ணமோ சாம்பல்தான்.

ஆகையால் யாராவது ஒருவர் காரோடு இருங்கள். அல்லது கப்பலை இறக்கி நிழலுக்குக் கொண்டுபோங்கள். காரின் மேல் வெள்ளைத் துணி போர்த்துவதும் கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பதும் சூட்டைக் கொஞ்சம் குறைக்கும், போக்கிவிடாது. விடியற்காலையில் கிளம்பி ஒன்பது மணிக்குள் சேர்ந்துவிடுவதுதான் நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற முறை. ஏ.சி. காற்று நேராகக் கப்பலின் மேல் அடிக்காதபடி திருப்பிவிடுங்கள். பால்சா போன்ற மெல்லிய மரம் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும்.

சந்தேகம்: பாய்மரக் கப்பலை எப்படிக் கொண்டுபோவது? பாய்களையும் கயிறுகளையும் கழற்றினால் மறுபடி கட்ட நாளாகும்.

எந்த வகை என்பதைப் பொறுத்தது. ரிமோட்டில் ஓடும் பந்தயப் பாய்மரப் படகுகளில் பாய்மரமும் அடிக்கட்டையும் கழற்றும்படியே அமைந்திருக்கும். உலகெங்கும் ஓட்டும் ஐ.ஓ.எம். என்ற ஒரு மீட்டர் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹல் ஒரு மீட்டருக்கு மிகாது, படகின் மொத்த எடை குறைந்தது நான்கு கிலோ. அதில் பாதிக்கு மேல், 2.2 கிலோவுக்குக் குறையாமல், கீழே தொங்கும் அடிக்கட்டையும் ஈயக் குண்டும்தான். அதைக் கழற்றாமல் காரில் படுக்கவைத்தால் ஒவ்வொரு குழியிலும் அந்தக் குண்டு ஹல்லின் பொருத்தை நெம்பும். திருகைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். பாய்களை மடிக்காமல், மரத்தோடு சேர்த்துத் தட்டையான நீளப் பெட்டியில் வைக்க வேண்டும்.

ஐ.என்.எஸ். தரங்கிணி போன்ற மூன்று பாய்மரக் கப்பலைக் கயிறு கயிறாகக் கட்டிச் செய்த காட்சி மாதிரி என்றால் கதை வேறு. 54 மீட்டர் கப்பல் 1:50 அளவில் 108 சென்டிமீட்டர் வரும், பாய்மரங்கள் மட்டும் அரை மீட்டருக்கு மேல் நிற்கும். அதைப் பிரிக்க முடியாது. தொட்டிலின் நான்கு மூலையிலும் சட்டம் நிறுத்தி, பாய்மரங்களைவிட நாலு விரல் உயரமான கூண்டு செய்து, உள்ளே எதுவும் தொடாதபடி வைப்பது ஒன்றே வழி. பாய்மரம் ஆடாமலிருக்க அதைக் கூண்டோடு நூலால் கட்டச் சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. கார் குலுங்கும்போது கூண்டு ஒரு பக்கமும் கப்பல் ஒரு பக்கமும் அசைந்தால் அந்த நூலே மரத்தை ஒடித்துவிடும்.

சந்தேகம்: கார் கூரையில் கேரியர் இருக்கிறது. பெட்டியில் போட்டு மேலே கட்டலாமா? இல்லையென்றால் டிக்கியைத் திறந்துவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு போகலாமா?

இரண்டும் வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்றுக்கு நேரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் 30 கிலோ அளவுக்கு அழுத்தம் விழும். வேகம் பாதியானால் அழுத்தம் நாலில் ஒன்றாகும், எனினும் எதிரே வரும் லாரி கடக்கும்போது பக்கவாட்டில் அடிக்கும் காற்று நம் கையில் இல்லை. மழை, வெயில், தாழ்ந்த மரக்கிளை எல்லாம் அதற்கு மேல். கெட்டியான மூடிய கூரைப்பெட்டி இருந்தால் கழற்றிய பாய்மரம், ஸ்டாண்ட் போன்றவற்றை அதில் போடலாம். கப்பலைப் போட வேண்டாம்.

டிக்கியைத் திறந்து ஓட்டினால் சைலன்சர் புகை சுழன்று காருக்குள்ளேயே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதித்த அளவைத் தாண்டி வாகனத்துக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம்.

சந்தேகம்: எங்களிடம் கார் இல்லை. கால் டாக்சியில் போகலாமா?

போகலாம். முன்பதிவு செய்யும்போதே ஹேட்ச்பேக் அல்லது பெரிய வண்டி என்று பார்த்துக் கேளுங்கள். செடான் வண்டிகளில் டிக்கி ஆழமாக இருந்தாலும் வாய் சின்னது. பல டாக்சிகளில் சி.என்.ஜி. சிலிண்டர் டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். பின் சீட்டும் எல்லா வண்டியிலும் மடங்காது. வண்டி வந்தபின் இதெல்லாம் தெரிந்தால் அவசரத்தில் கப்பலைச் சாய்த்துத் திணிக்க நேரும். கிளம்பும் முன் ஓட்டுநரைக் கூப்பிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். “பசங்க நாலு மாசமா செஞ்சது அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்க” என்று சொன்னால் போதும். தன் வீட்டுப் பொருளைப் போலப் பார்த்து ஓட்டிய ஓட்டுநர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

சந்தேகம்: ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வேகத்தடையைத்தான். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படி இருக்க வேண்டும். தெருக்களில் நாம் பார்ப்பவை பலவும் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கின்றன. அவற்றில் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுங்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஓரமாக இறக்கித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் கப்பல் முன்பின்னாக மட்டும் அசையும், தொட்டில் அதைத் தாங்கும். ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கினால் பக்கவாட்டில் உலுக்கும், உயரமான கம்பங்கள் ஒடிவது அப்போதுதான். கிளம்பி ஐந்து கிலோமீட்டர் போனதும் ஒருமுறை ஓரமாக நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். புதுத் துணி இறுக்கம் விட்டிருக்கும்.

சந்தேகம்: போகும்போது பத்திரமாகப் போய்விடுகிறது. திரும்பி வரும்போது ஏதாவது ஒன்று உடைகிறது. ஏன்?

போகும்போது எல்லோருக்கும் பயம் இருக்கிறது. திரும்பும்போது களைப்பு இருக்கிறது. இருட்டிவிடும், பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள், பேட்டரியைக் கழற்ற யாருக்கும் தோன்றாது. கப்பலுக்குள் தண்ணீரும் இருக்கும். புரொப்பல்லர் தண்டு நுழையும் குழாய் வழியாக ஓர் ஓட்டத்தில் அரை லிட்டர் ஏறியிருந்தாலும் அது அரைக் கிலோ எடை. கார் திரும்பும்போதெல்லாம் அந்த நீர் ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்து கப்பலைச் சாய்க்கும், மின்கம்பிகளையும் நனைக்கும். கரையிலேயே டெக் மூடியைத் திறந்து, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துப் பிழிந்துவிடுங்கள். உப்புநீரில் ஓட்டியிருந்தால் நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசித் துடைத்துத்தான் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்துவைத்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்த பால்சா இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும்.

தூக்கும்போது ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நின்று தொட்டிலின் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். களைத்த கை தன்னையறியாமல் கிராதியையோ புகைபோக்கியையோ பிடித்துக்கொள்ளும். கழற்றிய திருகுகளுக்கு ஒரு சின்னத் துணிப்பை தைத்து, தொட்டிலின் சட்டத்திலேயே ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். ஸ்குரூடிரைவரும் ஒரு டார்ச் விளக்கும் அந்தப் பையிலேயே இருக்கட்டும். இருட்டில், குளத்தங்கரையில், மாட்ட வேண்டிய திருகு எத்தனை என்று யாருக்கும் நினைவிருக்காது. பையின்மேல் மார்க்கர் பேனாவால் அந்த எண்ணிக்கையை எழுதிவையுங்கள்.